சுலோசனாவின் காது

சுலோசனாவைக் கொல்லும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஐம்பது வாரமாவது அவளை உயிரோடு வைத்து அழவைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். பன்னிரண்டாவது வாரத்திலேயே அவள் உயிருக்கு ஆபத்து வந்துவிட்டது. நோயும் அல்ல, விபத்தும் அல்ல. ஓவியர் சவுரிமுத்துவுக்குச் சிவகாசியில் வேலை கிடைத்துவிட்டது.

சுலோசனா என் தொடர்கதையின் நாயகி. கதையின் பெயர் 'வடியாத வானம்'. வானம் எப்படி ஐயா வடியும் என்று ஆசிரியர் யக்ஞநாராயணன் முதல் நாளே கேட்டார். இதழ் அச்சுக்குப் போகும் அவசரத்தில் என் பதிலுக்காக அவர் நிற்கவில்லை. நல்லவேளை. பத்து வருஷமாகத் துணுக்கும், பக்கத்தின் மூலையை அடைக்கும் குட்டிக் கதையும் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அதுதான் முதல் தொடர்.

மேற்குத் தாம்பரத்தில் இன்ஷூரன்ஸ் குமாஸ்தா கிட்டுவாகிய என்னை யாருக்கும் தெரியாது. 'திரிபுரா'வைப் பலருக்குத் தெரியும். திரிபுரசுந்தரி என் மனைவி. அவள் பெயரில் பாதியை எடுத்துப் புனைபெயராக வைத்துக்கொண்டேன். அன்புக்கு அடையாளம் என்று நான் சொல்லிக்கொண்டேன். "பொம்மனாட்டி பேர்னா பத்திரிகைக்காரா கதையை உடனே போடுவாள்னு வெச்சிண்டது" என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

தொடர் ஆரம்பித்த பிறகு காலை பீச் ஸ்டேஷன் ரயிலில் எனக்கு ஜன்னலோரம் இடம் விட ஆரம்பித்தார்கள். "என்ன ரைட்டர் சார், அந்தப் பொண்ணு டாக்டரைக் கட்டிப்பாளா?" என்று பல்லாவரம் வருவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள். நான் பதில் சொல்லாமல் வெளியே பார்ப்பேன். அப்படிப் பார்ப்பதற்கென்றே ஒரு முகத்தைத் தயாரித்து வைத்திருந்தேன். தொடர் நின்றால் அந்த முகமும் போகும், ஜன்னலும் போகும்; நான் மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிட்டு ஆகிவிடுவேன்.

"சவுரி போயிட்டான், ஓய்" என்றார் ஆசிரியர். "காலண்டர்ல முருகன் வரைஞ்சா ஒரு வருஷம் சுவத்துல தொங்குவார், உம்ம சுலோசனா மறு வாரமே சுண்டல் மடிக்கப் போறாள்னு சொல்லிட்டுப் போறான்."

"வேற ஆர்ட்டிஸ்ட் யாராவது..."

"எல்லார் கையிலயும் ரெண்டு தொடர் இருக்கு. நீரே ஒருத்தரைத் தேடிப் பிடியும். ஒரு வாரத்துல பிடிச்சா சுலோசனா பிழைப்பாள். இல்லேன்னா முடிச்சுடும். வைத்தீஸ்வரன் பேய்க்கதையை வெச்சிண்டு வாசல்லயே நிக்கறான்."

வைத்தீஸ்வரன் உண்மையாகவே வாசலில் நின்றான். பேய்க்கதை எழுதியே பெயர் வாங்கியவன். துக்க வீட்டுக்கு வந்தவன்போல என் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

அந்த வாரம் முழுக்க நான் ஓவியரைத் தேடிய லட்சணத்தைச் சொல்லக் கூடாது. சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் சைன்போர்டு எழுதுகிற ஒருவரைப் பார்த்தேன். அவர் வரைந்து காட்டிய சுலோசனாவுக்கு மீசை மட்டும்தான் பாக்கி. சனிக்கிழமை மாலை மனைவி என்னைக் கிழக்குத் தாம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் ஞானசௌந்தரி டீச்சர் தன் தேவாலயத்து மாதர் சங்க விற்பனைக்கு அழைத்திருந்தார். கேக், ஜாம், பூவேலை செய்த தலையணை உறை, கடைசியில் ஒரு சின்ன மேசை.

அந்த மேசையில் தபால் கார்டு அளவுக்கு வெட்டிய அட்டைகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் மையால் வரைந்த ஒரு பெண் முகம். காது இருக்கும் இடத்தில் ஊசித் துளை. துளையில் நிஜமான தோடு தொங்கியது. ஒன்றில் குன்றிமணி, ஒன்றில் செம்புக்கம்பிச் சுருள், இன்னொன்றில் நகத்தளவு நத்தை ஓடு. ஓர் அம்மாள் தோட்டைக் கழற்றிக் காதில் மாட்டிக்கொண்டு, அட்டையை மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார். நான் அட்டையை எடுத்தேன். முகம் என்னைப் பார்த்தது. நாலே கோடு, இதோ அழுதுவிடுவேன் என்கிற முகம். சுலோசனா!

"இதை வரைஞ்சது யாரு?"

"நான்தான் சார். தோடு வேணுமா?" என்றாள் மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் நின்ற பெண்.

"தோடு வேண்டாம். முகம்தான் வேணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உதவிக்கு ஞானசௌந்தரி டீச்சரைத் தேடினாள். டீச்சர் ஓடிவந்தார். "பயப்படாதே மெட்டில்டா. நம்ம திரிபுரசுந்தரி டீச்சர் வீட்டுக்காரர். கதை எழுதுறவர்."

"நான்தான் திரிபுரா" என்று சொல்லி, அடுத்து வரவேண்டிய ஆச்சரியத்துக்காகக் காத்திருந்தேன்.

"அது டீச்சர் பேராச்சே சார்?" என்றாள் மெட்டில்டா.

நான் பேச்சை மாற்றினேன். அவள் காதில் நகையும் இல்லை, துளையும் இல்லை. "நீங்க போட்டுக்கறதில்லையா?"

"நாங்க பெந்தெகொஸ்தே சார். எங்க சபையில நகை போடக்கூடாது."

"அப்போ இதெல்லாம்?"

"செய்யக்கூடாதுன்னு யாரும் சொல்லல" என்றாள். "வாங்க வர்றவங்க, காதுல எப்படி இருக்கும், நீயே போட்டுக் காட்டுன்னு கேக்குறாங்க. நான் எப்படிக் காட்டுறது? அதான் மூஞ்சி வரைஞ்சு மாட்டிட்டேன்."

அதாவது அவளுக்கு முகம் என்பது காதைத் தாங்குகிற சுவர். இந்த உண்மையை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். நானோ ஒரு மேதையைக் கண்டுபிடித்த மிதப்பில் இருந்தேன். பத்திரிகை, லட்சக்கணக்கான வாசகர்கள், அழியாப் புகழ் என்று பேசிக்கொண்டே போனேன். அவள் மணியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"வரையறேன் சார். ஒரு கண்டிஷன். அந்தப் பொண்ணு காதுல என் தோடுதான் இருக்கணும். ஒரு தடவ வரைஞ்சத மறுபடி வரைய மாட்டேன். நான் ஒரே மாதிரி ரெண்டு ஜோடி செய்யறதில்ல."

"தாராளமா!" என்றேன். என் எழுத்து வாழ்க்கையில் இவ்வளவு விலை கொடுத்த வார்த்தை வேறு இல்லை.

கதையை முழுக்க எழுதி முடித்து, அதை ஓவியரிடம் கொடுத்துப் படம் வாங்குகிற எழுத்தாளர்கள் இருக்கிறார்களாம். நான் ஒருவரையும் பார்த்ததில்லை. எங்கள் வழக்கம் தலைகீழ். திங்கட்கிழமை காட்சியை இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும். புதன்கிழமை படம் அச்சுக்கான உலோக பிளாக் எடுக்கப் போய்விடும். வெள்ளிக்கிழமை, படத்தை எதிரில் வைத்துக்கொண்டு கதையை எழுத வேண்டும். முதல் வாரம் நான் மெட்டில்டாவிடம் சொன்னது இவ்வளவுதான்: ஜன்னலோரம் சுலோசனா, கண்ணில் துயரம், தூரத்தில் டாக்டர் பிரபாகர். அவள் வரைந்ததைப் பார்த்து ஆசிரியர், "எங்கேய்யா பிடிச்சீர் இவளை?" என்றார். நான் வெளியே பார்க்கும் முகத்தைப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை படத்தின் நகலை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, இவளுக்கு ஏது தோடு?"

 மூன்றாவது அத்தியாயத்தில் தம்பியின் படிப்புக்காகச் சுலோசனா தன் ஒரே தோட்டை விற்றுவிட்டுக் காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டிருந்தாள். அந்த வேப்பங்குச்சிக்காகவே குரோம்பேட்டைக்காரர் ஒருவர் ரயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியிருக்கிறார். இப்போது அதே காதில் மூன்று அடுக்குக் குன்றிமணித் தொங்கட்டான் ஆடிக்கொண்டிருந்தது. கதை படிக்காத பெண்ணிடம் கதையைச் சொல்லாமல் படம் கேட்டவன் நான். நானோ, முகத்தைப் பார்த்த பூரிப்பில் காதைப் பார்க்கவே இல்லை.

அடுத்த ரயிலைப் பிடித்து, பிளாக் செய்யும் லாசரஸிடம் ஓடினேன்.

"பிளாக் எடுத்தாச்சு சார். இனிமே இன்னா பண்றது?" என்றார் லாசரஸ். "வோணும்னா சொல்லு, காதையே செதுக்கி எடுத்துடறேன்."

ஒரு நிமிஷம் யோசித்தேன். "எடுத்தா எப்படி இருக்கும்?"

"எலி கட்ச்ச மாரி இருக்கும். ஒரே பேஜாரு."

எனவே பதின்மூன்றாம் அத்தியாயத்தில் சுலோசனாவுக்கு ரங்கூனிலிருந்து ஓர் அத்தை முளைத்தாள். வந்தாள், தொங்கட்டானைக் கொடுத்தாள், அதே பத்தியில் கண்ணை மூடினாள்.

திங்கட்கிழமை கிழக்குத் தாம்பரத்து ரயில்வே குடியிருப்பில் மெட்டில்டாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா சுவிசேஷமுத்து, ரயிலில் கார்டாக வேலை பார்ப்பவர், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"குச்சியா?" என்றாள் மெட்டில்டா.

"ஏழைப் பொண்ணும்மா. வேப்பங்குச்சிதான் பொருத்தம். வாசகர்கள் உருகிப் போறாங்க."

"உருகிட்டுப் போகட்டும் சார். குச்சியப் பாத்துட்டு யாரு என்கிட்ட தோடு கேட்டு வருவாங்க?"

"கலைன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"நீங்கதானே தாராளமான்னு சொன்னீங்க?"

"சொன்னீங்களா சார்?" என்று பொத்தானிலிருந்து தலையை நிமிர்த்தினார் சுவிசேஷமுத்து. சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் மறுபடியும் ஊசியைப் பார்க்கக் குனிந்துவிட்டார். வழக்கு தீர்ந்தது.

அதன் பிறகு என் வேலை, வாரம் ஒரு தோட்டுக்கு வழி தேடுவது. பதினான்காம் வாரம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்காக இரவல். அடுத்த வாரம் டாக்டர் பிரபாகரின் பரிசு. ஏற்கப்பட்டு, அழகு பார்க்கப்பட்டு, கண்ணீரோடு திருப்பித் தரப்பட்டது. பதினாறாம் வாரம் முழுவதும் கனவு. கனவில் யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம். பதினேழாம் வாரம் கனவும் தீர்ந்துபோய், சுலோசனாவே தோடு செய்யக் கற்றுக்கொண்டாள்.

"இதை முதல்லயே பண்ணியிருக்கப்படாதோ? பாவம், அந்த அத்தை பிழைச்சிருப்பாள்" என்றாள் திரிபுரசுந்தரி.

கடிதங்கள் குவிய ஆரம்பித்தன. ஆசிரியர் அவற்றைக் கட்டாகக் கட்டி என்னிடம் தள்ளினார். 'அன்புள்ள திரிபுரா அக்கா, போன வாரம் சுலோசனா போட்டிருந்த நத்தைத் தோடு எங்கே கிடைக்கும்?' 'அக்கா, என் முகம் வட்டம், எனக்குத் தொங்கட்டான் எடுக்குமா?' நான் அக்காவாக உட்கார்ந்து பதில் எழுதினேன். என் மனைவி பின்னால் நின்று, "நீங்க சொல்றது தப்பு. வட்ட முகத்துக்கு நீளமாத்தான் தொங்கணும்" என்று திருத்தினாள். ரயிலிலும் பேச்சு மாறிவிட்டது. "ரைட்டர் சார், எங்க வீட்ல அந்தக் கம்பிச் சுருள் தோடு விசாரிச்சுண்டு வரச் சொன்னா." ஜன்னலோரம் இன்னும் எனக்குத்தான். ஆனால் டாக்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மெட்டில்டாவின் வீட்டு வாசலில் சனிக்கிழமைகளில் பெண்கள் நின்றார்கள். ஊரப்பாக்கத்திலிருந்துகூட வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் சுலோசனா போட்டிருந்தது கிடைக்கவில்லை. ஒவ்வொருத்திக்கும் வேறு ஏதோ கிடைத்தது. அதுதான் தங்களுக்கு இன்னும் பொருத்தம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இவளைக் கண்டுபிடித்தவன் நான் என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "வரிசைல வாங்க சார்" என்றார்கள்.

பதினெட்டாம் அத்தியாயத்தைக் கொடுக்கப் போனபோது ஆசிரியர் என்னை உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்லதல்ல.

"படம் பிரமாதம், ஓய். அந்தப் படத்துக்கு ஒரு நல்ல கதை வேணும்."

"அப்படின்னா?"

"இத்தனை கடுதாசி வந்திருக்கே, ஒண்ணுலயாவது கதையைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? இருபதாவது அத்தியாயத்துல சுலோசனாவை நிம்மதியாப் போகவிடும். அதுக்கடுத்த வாரம் வைத்தீஸ்வரன். படம் இதே பொண்ணு."

கண்டுபிடித்த என்னை அனுப்பிவிட்டு, கண்டுபிடிக்கப்பட்டவளை வைத்துக்கொள்கிறார்கள்! திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தாம்பரம் வரும்வரை அந்த ஜன்னலையே தடவிக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்தவர், "தூசியா சார்?" என்றார்.

பத்தொன்பதை ஒருவழியாக ஒப்பேற்றிவிட்டு, இருபதாவதின் காட்சியைச் சொல்ல மெட்டில்டாவிடம் போனேன். மருத்துவமனைக் கட்டில், சுலோசனாவின் உயிர் பிரிந்துவிட்டது, டாக்டர் பிரபாகர் அவள் முகத்தைத் தடவி அழுகிறார். 

"செத்துப் போறாளா?" என்றாள் அவள்.

"கதைக்கு அதுதான் சிகரம்."

 அவள் இடுக்கியால் ஒரு கம்பியை வளைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை, அவர்கள் ஜெபக்கூட்டம் முடிந்து வந்த பிறகு, படத்தை வாங்கப் போனேன். உள்ளே நாற்காலியில் வைத்தீஸ்வரன் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

"வாரும் ஓய்! நம்ம மோகினியைப் பத்தித்தான் விளக்கிண்டிருக்கேன்" என்றான். "வெள்ளைப் புடவை. சதுப்பு நிலத்துல ராத்திரி நடந்து வராள். தலைமயிர் முழங்கால் வரைக்கும். முகத்துல பாதியை மறைச்சிண்டு..."

"காது?" என்றாள் மெட்டில்டா.

"என்ன காது?"

"முடி விரிச்சுப் போட்டிருந்தா காது தெரியாதே சார்."

"தெரியப்படாதும்மா. அதுலதான் பயம் இருக்கு."

"ஒரு பக்கம் ஒதுக்கி விடட்டுமே. இல்லன்னா கொண்டை போட்டுக்கட்டும்."

வைத்தீஸ்வரன் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டான். "கொண்டை போட்ட பேய்க்கு எவன் பயப்படுவான்?"

"பின்னலாவது?"

"பேய்க்குப் பின்னலா? ஓய் கிட்டு, நீராவது சொல்லும்!"

நான் நடுநிலை வகித்தேன். உள்ளுக்குள் ஒரு மேளக் கச்சேரியே நடந்துகொண்டிருந்தது. "கலைஞர்கள் ரெண்டு பேர் பேசும்போது நான் குறுக்கே வரப்படாது" என்று சொல்லி, அவன் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டேன்.

"அப்ப எனக்கு வேணாம் சார்" என்றாள் மெட்டில்டா. "அதோட எங்க சபையில பேய் ஓட்டுவாங்க. நான் வரைஞ்சு கூட்டிட்டு வந்தா நல்லாருக்காது."

"நியாயந்தானே?" என்றார் சுவிசேஷமுத்து உள்ளேயிருந்து.

வைத்தீஸ்வரன் விடைபெறாமலேயே எழுந்து போனான். நான் என் படத்தை வாங்கிப் பிரித்தேன். கட்டில் இருந்தது. சுலோசனா படுத்திருந்தாள். தலை ஒருபக்கம் சாய்ந்து, காது முழுசாகத் தெரிந்தது. காதில் நத்தை ஓடும் கம்பியும் பின்னிய ஒரு தோடு, அதுவரை வந்ததிலேயே அழகானது. அவள் கண் திறந்திருந்தது. உதட்டில் இலேசாகச் சிரிப்பு.

"கண்ணு தெறந்திருக்கேம்மா?"

"செத்தவ காதுல இருக்கறத யாரும் கேட்டு வர மாட்டாங்க சார்."

"டாக்டர் எங்கே?"

"அவரு கை எப்பப் பாத்தாலும் அவ காதுகிட்டயே வருது. மறைக்குது. அதான் விட்டுட்டேன்."

மறுநாள் ஆசிரியரின் அறையில் வைத்தீஸ்வரன் எனக்கு முன்னாலேயே நின்றான். அவன் தரப்பை அவன் சொல்லி முடித்திருந்தான். ஆசிரியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவளை எப்படிய்யா கொல்றது? சிரிக்கறாளே!"

"நான் சாவுன்னுதான் சொன்னேன் சார்."

"பேய்க்கு அந்தப் பொண்ணு வரைய மாட்டாளாம். அவ படம் இல்லாம இதழ் போனா வாசல்ல மறியல் நடக்கும்." அவர் பெருமூச்சு விட்டார். "வைத்தி, உன் பேய் கொஞ்ச நாள் காத்திண்டிருக்கட்டும். அதுக்கு வயசா ஆகப் போறது? கிட்டு, உம்ம கதை நடக்கட்டும்."

"எதுவரைக்கும் சார்?"

"அந்தப் பொண்ணு நிறுத்தற வரைக்கும்."

நான் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். இனிமேல் தலைப்புக்குக் கீழே 'படம்: மெட்டில்டா' என்பது பெரிய எழுத்தில் வரும். 'கதை: திரிபுரா' அதற்குக் கீழே, இடமிருந்தால்.

வைத்தீஸ்வரன் படிக்கட்டு வரை கூடவே வந்து, "அந்த நத்தைத் தோடு ஒண்ணு வாங்கித் தருவீரா ஓய்? எங்காத்துல கேட்டா" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை நான் காட்சியைச் சொல்லப் போவதற்குள் மெட்டில்டா படத்தையே முடித்து வைத்திருந்தாள். பள்ளிக்கரணைச் சதுப்பில் ஒரு சின்னப் படகு. சுலோசனா தனியாகத் துடுப்புப் போடுகிறாள். முந்தின வாரம் மருத்துவமனையில் கிடந்தவள்!

"இவ எங்கம்மா போறா?"

"அது தெரியாது சார். நீங்கதானே கதை எழுதறீங்க?"

"படகு எதுக்கு?"

"வெட்டவெளியில காத்து அடிக்கும். முடி பின்னால போகும்" என்றாள். வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து படத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டர் பிரபாகரை மேல்படிப்புக்கு எடின்பரோவுக்கு அனுப்ப ஒரு வரி போதுமானதாக இருந்தது. சுலோசனாவின் நோயைக் குணமாக்க இன்னொரு வரி. படகை யாரிடம் இரவல் வாங்கினாள் என்பதற்கு அரைப்பக்கம் ஆயிற்று. மனைவி வந்து படத்தைப் பார்த்துவிட்டு, நான் எழுதியதையும் முதல்முறையாகக் கையில் எடுத்துப் படித்தாள்.

"படகு யாருதுன்னு யார் கேட்டா?" என்றாள். "காத்தைப் பத்தி எழுதுங்கோ."

அந்த அரைப்பக்கத்தை அடித்துவிட்டு, 'சதுப்பின் மேல் காற்று எழுந்தது' என்று ஆரம்பித்தேன்.